கேஸ் அடுப்பு மக்கர் செய்தால்: எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது, உதிரிப்பாகம் எப்படி வாங்குவது

போன வருஷம் பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஐந்து வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். வந்த அன்று பால் வைத்தால் இடதுபக்க அடுப்பு மட்டும் மஞ்சளாக, அகல்விளக்குச் சுடர் மாதிரி ஆடி ஆடி எரிகிறது. பால் காய்வதற்குள் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி, துடைத்தால் கையெல்லாம் மை. பர்னர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். தெருவில் கூவிக்கொண்டு போன ஒருவரைக் கூப்பிட்டு சர்வீஸுக்கு 350, புது பர்னர் ஜோடிக்கு 640 கொடுத்தேன், மஞ்சள் போகவில்லை. அப்புறம் ஆன்லைனில் 'எல்லா அடுப்புக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த பர்னரை 599-க்கு வாங்கினேன், அது என் அடுப்பில் உட்காரவே இல்லை. ஆகமொத்தம் 1,589 ரூபாயும் ஒன்பது நாளும் போயின. உண்மையான கோளாறு சரியாக ஆன செலவு 100 ரூபாய். அது என்ன கோளாறு என்று 3-ஆவது படியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

முதல்முறை தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலைக்காக வேறு ஊரில் வீடு எடுத்தவர்கள், வீட்டில் பெரியவர்கள் பார்த்துக்கொண்ட வேலை திடீரென்று தன் தலையில் விழுந்தவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சிலிண்டரில் ஓடும் சாதாரண இரண்டு, மூன்று பர்னர் அடுப்பைப் பற்றியதுதான் பெரும்பாலும். குழாய் கேஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது.

1. வாசனை வருகிறதா? அப்படியானால் ரிப்பேர் பேச்சே வேண்டாம்

அடுப்பு சரியாக எரியவில்லை என்பது ஒன்று, கேஸ் கசிகிறது என்பது வேறு. சமையலறையில் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி வாடை அடித்தால் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

எரிகிற அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி மூலையில் தங்கும், அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசல் கதவும் பின்கதவும் திறந்திருக்க வேண்டும். லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாடையை வெளியேற்றலாமே என்று எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு, சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஏஜென்சியின் அவசர எண் உங்கள் கேஸ் புத்தகத்திலும் ரசீதிலும் இருக்கும், அதை இப்போதே போனில் பதிந்து வையுங்கள், வாடை வரும்போது புத்தகம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரெகுலேட்டரை மூடியும் சிலிண்டர் தலையில் உஸ் என்று சத்தம் கேட்டால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நைலான் கயிற்றில் தொங்கும் பாதுகாப்பு மூடியை அழுத்தி மாட்டுங்கள். அந்த மூடியை எங்கள் வீட்டில் பிள்ளைகள் விளையாட எடுத்துப்போய்த் தொலைத்தே விட்டார்கள். நீங்கள் கயிற்றை அறுக்காதீர்கள்.

தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவருக்குப் புருவம் இல்லாமல் மூன்று மாதம் இருந்தது.

2. கோளாறு யாருடைய பொருளில் என்று பிரித்துப் பாருங்கள்

இது தெரியாமல்தான் காசு போகிறது. உங்கள் சமையலறையில் இருக்கும் நான்கு பொருளுக்கும் ஒரே ஆள் பொறுப்பில்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கேஸ் கம்பெனியின் சொத்து, டெபாசிட் கட்டி நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். அவற்றில் பிரச்சினை என்றால் ஏஜென்சிக்குத்தான் போக வேண்டும், வெளிக்கடையில் ரெகுலேட்டர் வாங்கி மாட்டக்கூடாது. ரப்பர் டியூப் உங்களுடையது, ஆனால் அதையும் ஏஜென்சியில் வாங்குவதே நல்லது. அடுப்பு முழுக்க முழுக்க உங்களுடையது, அதற்கு அடுப்புக் கம்பெனி சர்வீஸ் அல்லது மெக்கானிக்.

எந்தப் பக்கம் கோளாறு என்பதை ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிடலாம். எல்லா பர்னரும் ஒன்றுபோல மந்தமாக எரிந்தால் சந்தேகம் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றின் மேல் போக வேண்டும். ஒரே ஒரு பர்னர் மட்டும் தகராறு என்றால் குற்றவாளி அடுப்புக்குள் இருக்கிறான். நான் இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் டியூப் மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்டு ஒரு நாளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

எல்லாமே மந்தம் என்றால் முதலில் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். அதன் மேல் காலி எடை எழுதியிருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டி. வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. கேஸ் தீரும் நேரத்தில் தீ சோர்ந்து போவது கோளாறே அல்ல. அந்த நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருட்டுவது, வெந்நீர் ஊற்றுவது இரண்டும் செய்யாதீர்கள், இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுப்பார், படுத்த சிலிண்டரில் கேஸ் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். எப்போதும் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

புதுச் சிலிண்டர் மாட்டிய உடனே பிரச்சினை ஆரம்பித்தால் வால்வின் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ ரெகுலேட்டர் மாட்டியதும் உஸ் என்று சீறும். இது டெலிவரி ஆள் நிற்கும்போதே பார்க்க வேண்டியது. சீல், எடை, கசிவு மூன்றையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், அது நம் உரிமை, தராசு கொண்டுவரவில்லை என்று முனகுவார்கள், முனகட்டும். சிலிண்டரின் கைப்பிடித் தகட்டின் உள்பக்கம் 'பி 27' மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் ஆங்கிலத்தில் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர், எண் வருஷம். அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு தாண்டியதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

டியூப் என்றால் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பிப் பின்னல் வைத்து வரும் சுரக்ஷா டியூப்தான். ஆயுள் 5 வருஷம், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். நான் ஏஜென்சியில் ஒன்றரை மீட்டர் டியூப் 190 ரூபாய்க்கு வாங்கினேன். வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறதா, அடுப்புக்கு அடியில் போகும் இடத்தில் வெந்து இறுகியிருக்கிறதா, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். டியூபுக்குத் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றி அழகு பார்க்க வேண்டாம், வெடிப்பு மறைந்துவிடும். நடுவில் ஒட்டு போடுவது, டி-இணைப்பு வைத்து ஒரே சிலிண்டரில் இரண்டு அடுப்பு ஓட்டுவது, இதெல்லாம் கல்யாண வீட்டுச் சமையல்காரர் செய்கிறார் என்று நாம் செய்யக்கூடாது.

3. தீயைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்

நல்ல தீ நீலமாக, பர்னரின் ஓட்டைகளோடு ஒட்டி, சத்தமில்லாமல் எரியும். அடிக்கடி வருகிற கோளாறுகளை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அங்கங்கே தீ வரவில்லை, பர்னரைச் சுற்றிப் பாதி வட்டம்தான் எரிகிறது: ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. பால் பொங்கியிருக்கும், சாதம் வடிந்திருக்கும். கழுவினால் போய்விடும், பர்னர் வாங்காதீர்கள்.

ஒரு பர்னரில் தீ நீலம்தான், ஆனால் எவ்வளவு திறந்தாலும் குட்டியாகவே இருக்கிறது: ஜெட் அடைப்பு. ஜெட் என்பது பர்னருக்குக் கீழே, கேஸ் வெளியே பீறிடும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகாணி. நடுவில் ஊசிமுனை ஓட்டை.

பற்றவைக்கும்போது பக் என்று சத்தம் வந்து தீ உள்ளே போய்விடுகிறது: பர்னர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஈரமாக இருக்கிறது, அல்லது தேய்ந்து உள்ளே இடைவெளி விழுந்திருக்கிறது. முதலில் கழற்றித் துடைத்து மறுபடி வையுங்கள்.

திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை, அல்லது சிம்மில் வைத்தால் நிற்காமல் அணைகிறது: உள்ளே இருக்கும் கேஸ் காக், அதாவது திருகைத் திருப்பும்போது கேஸைத் திறந்து மூடும் வால்வு, அதன் கிரீஸ் காய்ந்திருக்கும். திருகு சூடாகிறது, உருகுகிறது, திருகைச் சுற்றித் தீ எட்டிப்பார்க்கிறது: உடனே ரெகுலேட்டரை மூடுங்கள், மெக்கானிக் பார்க்கும்வரை அந்த அடுப்பை, நல்ல பர்னரைக்கூட, பற்றவைக்காதீர்கள்.

மஞ்சள் தீ. இதுதான் என் கதை. கேஸோடு போதுமான காற்று கலக்காவிட்டால் தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும். ஜெட்டிலிருந்து பர்னர் வரை ஒரு குழல் போகிறது, அதன் வாயில் கேஸ் பீறிடும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். குழலுக்குள் ஏதாவது அடைத்தால் காற்று போகாது, பர்னரை எத்தனை மாற்றினாலும் மஞ்சள்தான். ஒன்பதாவது நாள் அடுப்பை ஆட்டோவில் வைத்துப் பழைய கடைத்தெருவில் இருக்கும் ஓர் அடுப்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அறுபது வயது இருக்கும் அந்த அண்ணனுக்கு. பர்னரைத் தொடவே இல்லை. அடுப்பைக் கவிழ்த்தார், இரண்டு திருகாணியைக் கழற்றினார், குழலை எடுத்து மரப்பலகையில் டொக் டொக் என்று தட்டினார். பொலபொலவென்று மண் கொட்டியது. குளவிக்கூடு. மண்ணோடு சுருண்டு காய்ந்த குட்டிக் குட்டிச் சிலந்திகள், குளவி தன் புழுவுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு, ஏழெட்டு விழுந்தன. "வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஜூன் மாசம் வாரத்துக்கு ரெண்டு குளவிக்கூடு வரும் என்றார். கூலி 100 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னால், குளவி கூடு கட்டினால் வீட்டில் நல்ல சேதி வரும், அதை எதற்கு உடைத்தாய் என்கிறார்.

ஆக மஞ்சள் தீ என்றால் வரிசை இது: பர்னரைக் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டிப் பாருங்கள், பிறகு பர்னரை எடுத்துவிட்டுக் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சில அடுப்புகளில் குழல் வாயில் காற்றுக்கான சின்னத் தகடு நகரும்படி இருக்கும், அது அடைத்த நிலைக்குப் போயிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் புது பர்னர். இன்னொன்று, குழல் அடைத்திருந்தால் கேஸ் பின்பக்கமாக வழிந்து அடுப்புக்கு அடியில் தீப்பிடிக்கலாம், நான் ஒன்பது நாள் அதில் சமைத்தது இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

4. நாமே செய்யலாம், செய்யக்கூடாது

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு பர்னரைக் கழற்றுவது, கழுவுவது நம் வேலை. பித்தளை பர்னருக்கு வெந்நீரில் புளி கரைத்து அரை மணி ஊறவைத்தால் போதும். ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தலாம், ஊக்கு வேண்டாம், ஓட்டை பெரிதாகும். கழுவியதை வெயிலில் வைத்து எடுங்கள், ஈரத்தோடு மாட்டினால் புதுக் கோளாறு. பாத்திரம் வைக்கும் தாங்கி, அடித்தட்டு, ரப்பர் கால்கள், திருகு, இவற்றை நாமே வாங்கி மாட்டலாம்.

ஜெட்டில் ஈர்க்குச்சிகூட வேண்டாம். முறிந்து உள்ளே மாட்டும். ஊசி விட்டால் பித்தளை மெத்தென்று விரிந்து கொடுக்கும், ஓட்டை கொஞ்சம் பெரிதானாலே தீ எம்பி எரியும், கேஸ் வீணாகும். கேஸ் காக்கைப் பிரிப்பது, கிரீஸ் போடுவது, உள்குழாயை முறுக்குவது எல்லாம் மெக்கானிக்கின் வேலை. என் கணவர் வீடியோ பார்த்து ஒருமுறை காக்கைப் பிரித்தார், உள்ளே இருந்த ஸ்பிரிங் பறந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது, அந்தக் கதைக்கு 280 ரூபாய்.

தானாகப் பற்றும் அடுப்பில் பொறி வரவில்லை என்றால் முதலில் பேட்டரி. பர்னர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் குச்சி ஒன்று நிற்கும், அதன் முனையில் கரியோ ஈரமோ இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், பீங்கானில் விரிசல் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கழுவிய பிறகு டிக் டிக் என்று நிற்காமல் அடித்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் காயவிடுங்கள். மேடையில் பதித்த சில அடுப்புகளில் திருகை விட்டதும் தீ அணைந்துவிடும், தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்புக் கம்பி அவற்றில் இருக்கிறது, பற்றவைத்துச் சில விநாடி திருகை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தும் அணைந்தால் கம்பியின் முனையைத் துடைத்துப் பாருங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் கம்பெனி ஆள்தான். அந்தக் கம்பியையே நீக்கித் தருகிறேன் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள்.

5. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: கேஸ் புத்தகம், இணைப்பு வாங்கும்போது கொடுத்த சந்தா வவுச்சர், அடுப்பு வாங்கிய பில், வாரண்டி அட்டை, டியூப் வாங்கிய ரசீது. அடுப்பின் அடியில் அல்லது பின்புறம் ஒரு ஸ்டிக்கரில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் அழிவதற்குள் இன்றே படம் எடுத்து வையுங்கள். சர்வீஸுக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே அதுதான்.

வவுச்சர் ஏன் முக்கியம் என்றால், ரெகுலேட்டரில் ஓர் எண் பொறித்திருக்கும், அதே எண் வவுச்சரிலும் இருக்கும். தானாகப் பழுதான ரெகுலேட்டரை ஏஜென்சியில் மாற்றித் தருவார்கள், ஆனால் எண் பொருந்த வேண்டும். என் தம்பி வீட்டு ரெகுலேட்டரும் என்னுடையதும் ஒரு விசேஷத்தில் இடம் மாறிப்போய், இரண்டு பேருமே ஏஜென்சிக்கு இரண்டு தடவை அலைந்தோம். கீழே போட்டு உடைத்தால் பணம் கட்ட வேண்டும், தொலைத்தால் போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள். இணைப்பு அப்பா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் பதிவான செல்போன் எண் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஓடிபி அங்கேதான் போகும்.

வாரண்டியில் கண்ணாடிக்கு ஒரு காலம், காக்குக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள், பொடி எழுத்தைப் படியுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக் கைவைத்தால் கம்பெனி கைகழுவிவிடும்.

6. உதிரிப்பாகம் வாங்குவது

கடையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பழசு எங்கம்மா? பழசக் கொண்டாரலையா?" இதைவிட நல்ல அறிவுரை எதுவும் இல்லை. பிரீத்தி, பட்டர்ஃபிளை, பிரெஸ்டீஜ் என்று பிராண்ட் பெயர் சொல்லி பர்னர் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார், ஒரே பிராண்டிலேயே மாடலுக்கு மாடல் அளவு மாறும். சின்னது, பெரியது, ஜம்போ என்று சொல்வார்கள், ஒரு கடையின் பெரியது இன்னொரு கடையில் நடுத்தரம். பழைய பர்னரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், இரண்டையும் தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழலில் உட்காரும் அடிவளையத்தைப் பாருங்கள். மேல்வட்டம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அடிவளையம் ஒரு நூல் தளர்வாக இருந்தாலும் கேஸ் பக்கவாட்டில் கசியும். ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் அந்த வளையத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, விற்பவர் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். அளவு போடாத விளம்பரத்தில் வாங்காதீர்கள்.

பித்தளை கையில் கனக்கும். மேலே மஞ்சள் பூசிய லேசான அலாய் பர்னரைப் பித்தளை விலைக்கு விற்பார்கள், அடிப்பக்கத்தைச் சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வையுங்கள் கீழே.

ஜெட் வாங்கும்போதும் பழையதைக் காட்டுங்கள். சின்ன பர்னருக்கும் பெரிய பர்னருக்கும் ஜெட் ஓட்டை ஒன்றல்ல, இரண்டையும் கழற்றினால் தனித்தனிப் பொட்டலமாக எழுதி வையுங்கள்.

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் திருச்சியில் கொடுத்தது, விசாரித்தது: ஜெட் 30, திருகு 40 முதல் 60, பாத்திரத் தாங்கி 150, கேஸ் காக் 280, பித்தளை பர்னர் ஒன்று 250 முதல் 400. மேல்கண்ணாடி உடைந்து விசாரித்த தோழியிடம் புது அடுப்பு விலையில் பாதி சொன்னார்கள், அதுவும் கம்பெனியிலிருந்து வர மூன்று வாரம். கண்ணாடியில் சில்லு பெயர்ந்திருந்தால் டேப் ஒட்டி ஓட்ட வேண்டாம், அது ஒருநாள் மொத்தமாகச் சிதறும். சூடான கண்ணாடியில் ஈரத்துணி போடுவதும் அப்படித்தான். அடித்தகடு துரு ஏறி, காக்கும் கசிந்தால் நான் ரிப்பேருக்குப் போக மாட்டேன். சாதாரண ஸ்டீல் அடுப்பு 2,000 ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், விபத்துக் காப்பீடு என்று வரும்போது கம்பெனி அதைத்தான் முதலில் பார்க்கும்.

7. ஆளைக் கூப்பிடும்போது இரண்டு ஏமாற்று வேலைகள்

ஒன்று, இணையத்தில் தேடினால் வரும் கஸ்டமர் கேர் எண். கம்பெனி பெயரிலேயே போலி எண்கள் மேலே வந்து நிற்கும். எனக்கு வந்தவர் மிக மரியாதையாகப் பேசினார், புகார் பதிய 10 ரூபாய் மட்டும் இந்த லிங்கில் கட்டுங்கள் என்றார். அந்தப் பத்து ரூபாய் வழியாகத்தான் கணக்கில் இருப்பதெல்லாம் போகும். வாரண்டி அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள்.

இரண்டு, கேஸ் ஆபீஸிலிருந்து செக்கிங் என்று கழுத்தில் அட்டையோடு வருபவர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை என்பது உண்மைதான், எனக்கு ஏஜென்சி ஆள் வந்தபோது ஜிஎஸ்டி சேர்த்து 236 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார். இந்த உண்மையை வைத்துத்தான் போலிகள் வருகிறார்கள். டியூப் வெடித்துவிடும் என்று பயமுறுத்தி 190 ரூபாய் டியூபை 600-க்கு மாட்டிவிட்டுப் போவார்கள். வாசலிலேயே நிறுத்தி, உங்கள் ஏஜென்சிக்குப் போன் போட்டு ஆள் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். உண்மையான ஆள் காத்திருப்பார்.

மெக்கானிக்கிடம் வேலைக்கு முன்பே கூலி எவ்வளவு, பாகம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி அசையவில்லை என்றால் 1800 2333 555, மூன்று கேஸ் கம்பெனிக்கும் பொதுவான இலவச எண். அடுப்புக் கம்பெனி வாரண்டியில் தகராறு செய்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

8. மாட்டிய பிறகு சோதனை

மெக்கானிக் கிளம்புவதற்கு முன் செய்யுங்கள், போன பிறகு அல்ல. பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, திருகுகளை மூடி, ரெகுலேட்டரை ஆன் செய்யுங்கள். கிண்ணத்தில் சோப்பை நன்றாக நுரைக்கக் கரைத்து, ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூபின் இரண்டு முனை, திருகுகளுக்குப் பின்பக்கம் என்று நுரையைத் தடவி ஒரு நிமிஷம் பாருங்கள். நுரையில் முட்டை முட்டையாகக் குமிழ் எழும்பினால் கசிவு. ஒரே ஒரு குமிழ்தானே என்று சொல்பவரிடம் இன்னொருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். குமிழ் இல்லை என்றால் ஒவ்வொரு பர்னரையும் பற்றவைத்து, முழுத் தீயிலும் சிம்மிலும் இரண்டு நிமிஷம் நிற்கிறதா, சிம்மில் வைத்துக் கதவை ஆட்டினால் அணைகிறதா என்று பாருங்கள்.

9. குழாய் கேஸ் வீடுகளுக்கு

சென்னையில் டோரண்ட் கேஸ் மாதிரி குழாயில் வருவது இயற்கை எரிவாயு, சிலிண்டர் கேஸ் அல்ல. அது காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போகும். ஜெட்டும் வேறு, குழாய் கேஸுக்கு ஓட்டை பெரிது. சிலிண்டரில் ஓடிய அடுப்பை அப்படியே குழாயில் மாட்டினால் தீ சோனியாக எரியும், குழாயில் ஓடியதைச் சிலிண்டரில் மாட்டினால் தீ பூதமாக எழும்பும், இது ஆபத்து. வீடு மாறும்போது இதை மறந்துவிடுகிறார்கள். இணைப்புத் தரும் கம்பெனி ஆளே ஜெட்டை மாற்றித் தருவார், கழற்றிய பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி காகிதங்கள் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு வையுங்கள். கடையில் ஜெட் வாங்கும்போது எந்த கேஸுக்கு என்று சொல்லி வாங்குங்கள்.

10. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது

ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போடுங்கள். பர்னர்களை எடுத்துக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள். அடுப்பை ஒரு பழைய வேட்டியால் அடி வரைக்கும் சேர்த்து மூட்டை மாதிரி கட்டிவிடுங்கள், மேலே மட்டும் மூடினால் குளவி அடிவழியாக வரும். திரும்பி வந்ததும் பால் வைக்கும் அவசரத்தில் பற்றவைக்காமல், பர்னர் இல்லாத குழலுக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வருஷம் நான் வேட்டி கட்டிவிட்டுத்தான் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, குளவி இந்தமுறை மிக்ஸி பிளக் பாயிண்டில் கட்டியிருந்தது.